எலும்புக்கு எத்தனை வயது?

(பண்ருட்டியில் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில் ஒரு கதிரியக்க மருத்துவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"சார், இந்த ஊசியைப் போட்டா எத்தனை சென்டிமீட்டர் வளருவான்?" வளர்ச்சி ஹார்மோன் என்ற பெயரைக் காதில் வாங்கிய எந்தப் பெற்றோரும் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. தினமும் ராத்திரி தூங்கப் போகும்முன் தோலுக்கடியில் ஓர் ஊசி, அதுவும் வருஷக்கணக்கில். பிள்ளையின் எடை கூடக்கூட மருந்தின் அளவும் கூடும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஆண்டுச் செலவு லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். நகையை வைத்தாவது போடுகிறேன் என்று நிற்கிற அப்பாவுக்கு, பலன் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிய வேண்டாமா? எக்ஸ்ரேயும் எம்.ஆர்.ஐ.யும் அந்தக் கேள்விக்கு எதுவரை பதில் சொல்கின்றன, எந்த இடத்தில் நின்றுவிடுகின்றன என்பதுதான் என் பேச்சு.

பலாவுக்குப் பேர்போன ஊரில் நிற்கிறேன். அதனால் ஓர் உவமை சொல்ல அனுமதியுங்கள். ஒரே அளவில் இரண்டு காய் தொங்குகின்றன. வியாபாரி அளவைப் பார்த்து வெட்டமாட்டார். தட்டிப் பார்ப்பார், முள் விரிந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஒன்று முற்றிவிட்டது, இனி பெருக்காது. மற்றது இன்னும் பெருக்கும். பிள்ளைகளிலும் அளவு வேறு, முற்றுதல் வேறு. உயரத்தை நாடா சொல்லும். எலும்பு எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதைக் கையை எடுத்த எக்ஸ்ரேதான் சொல்லும்.

1895 டிசம்பரில் ஜெர்மானிய இயற்பியலாளர் ராண்ட்ஜன் தன் மனைவியின் கையை எக்ஸ்ரே எடுத்தார். மனிதக் கை எலும்புகளை உயிரோடு இருக்கும்போதே பார்க்கலாம் என்று உலகத்துக்குக் காட்டிய படம் அது. குழந்தை மருத்துவம் அதே கையை இன்றுவரை விடவில்லை. காரணம் எளிது. ஒரே படத்தில் முப்பதுக்கு மேற்பட்ட எலும்பு மையங்கள் கிடைக்கின்றன. கதிர்வீச்சோ, இயற்கையிலிருந்து ஒரு நாளில் நம் உடம்பு வாங்குவதைக் காட்டிலும் குறைவு. இடது கையை எடுப்பது உலக வழக்கம்.

இப்போது ஒரு படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்ப்போம். பிறந்த குழந்தைக்கு மணிக்கட்டில் எலும்பே தெரியாது. எல்லாம் குருத்து, எக்ஸ்ரேயில் வெறும் இருட்டு. இரண்டு மூன்று மாதத்தில் இரண்டு புள்ளிகள் தோன்றும். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்து எட்டாகும். பள்ளிக்கூட வயதில் நான் மணிக்கட்டைவிட விரல்களைத்தான் அதிகம் பார்ப்பேன். ஒவ்வொரு விரல் எலும்பின் அடியிலும் சின்னதாக ஒரு தகடு. தகட்டுக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு. அந்தக் கறுப்புக் கோடுதான் வளர்ச்சித் தட்டு. உயரம் முழுவதும் அப்படிப்பட்ட கோடுகளில்தான் உற்பத்தியாகிறது. சிறு வயதில் தகடு தண்டைவிடக் குறுகலாக இருக்கும். பிறகு தண்டின் அகலத்துக்கு வரும். அப்புறம் அதன் ஓரங்கள் தண்டின் தோள்மேல் மடிந்து குல்லாய் போட்டதுபோல் கவியும். கட்டைவிரலின் அடியில் எள்ளளவு ஒரு தனி எலும்பு முளைக்கும். பெண்ணுக்குச் சுமார் 11 வயதிலும் பையனுக்குச் சுமார் 13 வயதிலும் அது தெரியும். அதைக் கண்டால் பிள்ளை பூப்பின் வேகத்தில் ஏறிவிட்டது என்று எழுதுவேன். கடைசியில் கோடுகள் மூட ஆரம்பிக்கும். முதலில் விரல் நுனி, பிறகு அடி எலும்பு, பிறகு நடு எலும்பு, எல்லாவற்றுக்கும் கடைசியாக முன்கையில் ரேடியஸ். அதுவும் மூடிய கைக்கு எந்த ஊசியும் ஒரு சென்டிமீட்டர்கூடக் கொடுக்காது. காலையும் முதுகையும் நீட்டும் எலும்புகளும் ஏறத்தாழ அதே கட்டத்தில்தான் இருக்கும்.

இந்தப் படத்தை எதோடு ஒப்பிடுகிறோம்? கிரூலிச், பைல் என்ற இருவர் 1950-ல் வெளியிட்ட படத்தொகுப்போடு. 1959-ல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. அதைத்தான் இன்னமும் புரட்டுகிறோம். அதில் உள்ள கைகள் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரத்து வசதியான வெள்ளைக்காரக் குடும்பத்துப் பிள்ளைகளுடையவை. 1931-லிருந்து 1942 வரை எடுத்த படங்கள். கடலூர் மாவட்டத்தில் முந்திரித் தோப்பில் வேலை பார்க்கிறவரின் மகளுடைய கையை, தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய கிளீவ்லாண்ட் சிறுமியின் கையோடு வைத்து எலும்பு வயது சொல்கிறோம். இதை மனதில் வைத்துத்தான் அறிக்கையைப் படிக்க வேண்டும். பிரிட்டனில் டானர், வைட்ஹவுஸ் என்ற இருவர் ஒவ்வொரு எலும்புக்கும் தனித்தனி மதிப்பெண் போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதன் மூன்றாவது வடிவம் 2001-ல் வந்தது. நம் நாட்டில் கால்ஸ்டான் என்பவர் 1937-ல் இந்தியர்களின் எலும்பு வளர்ச்சியை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை இன்றும் நீதிமன்றத்தில் பேசப்படுகிறது. 'வயதை அறிய எலும்புச் சோதனை' என்று நாளிதழில் படிக்கிறீர்களே, அதன் வேர் அங்கே இருக்கிறது. இப்போது புனேயில் வாமன் கடில்கர், அனுராதா கடில்கர் குழுவினர் இந்தியப் பிள்ளைகளிடம் இந்த முறைகளைச் சோதித்துப் பார்த்து வருகிறார்கள். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 வளர்ச்சி அட்டவணைக்கும் அவர்கள் உழைப்பே அடித்தளம். நம் ஊர் மருத்துவமனையில் இன்னமும் வெளிநாட்டு உயர அட்டவணை சுவரில் தொங்கினால், இந்த இந்திய அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு பையன்கள். இருவருக்கும் வயது 13, உயரம் 132 சென்டிமீட்டர். வகுப்பில் முதல் வரிசையில் நிற்கிறவர்கள். ஒருவனுடைய எலும்பு வயது பத்தரை. மற்றவனுடையது சரியாக 13. பெய்லி, பின்னோ இருவரும் 1952-ல் போட்ட பட்டியலின்படி முதல் பையன் தன் முழு உயரத்தில் சுமார் 82 சதவீதத்தை எட்டியிருக்கிறான். இரண்டாமவன் சுமார் 88 சதவீதம். அப்படியென்றால் சிகிச்சையே இல்லாவிட்டாலும் முதல் பையன் 161 வாக்கில் வந்து நிற்பான். அடுத்தவன் 150-ஐத் தாண்டினால் பெரிது. நாடாவுக்கு ஒன்றாகத் தெரிந்த பிள்ளைகளைப் படம் இப்படிப் பிரித்துக் காட்டுகிறது. இந்தக் கணக்கு சில சென்டிமீட்டர் இப்படியும் அப்படியும் தவறும். ஆனால் ஊசி வேலை செய்ய யாரிடம் அவகாசம் அதிகம் என்பதில் சந்தேகமில்லை.

இதைக் கேட்டதும் முதல் பையனுக்கு ஊசி போட்டுவிடலாம் என்று தோன்றும். அவசரப்படக் கூடாது. எலும்பு பின்தங்குவதற்கு வளர்ச்சி ஹார்மோன் குறைவு ஒரு காரணம் மட்டுமே. அப்பாவும் பத்தாம் வகுப்புவரை குட்டையாக இருந்து, கல்லூரியில் திடீரென்று வளர்ந்தவரா என்று கேட்பேன். அப்படியென்றால் பையன் தாமதமாகப் பூக்கிற வம்சம். அவனுக்குத் தேவை பொறுமை. தைராய்டு குறைந்தால் எலும்பு வெகுவாகப் பின்தங்கும், தகடுகள் சிதறினமாதிரி தெரியும். அதற்குத் தினம் ஒரு மாத்திரை போதும். வைட்டமின் டி இல்லாத ரிக்கெட்ஸ் பிள்ளைக்கு ரேடியஸின் முனை அகன்று, ஓரம் நைந்த துணி மாதிரி பிசிர் பிசிராக இருக்கும். அதைப் பார்த்த அன்றைக்கே ஹார்மோன் பேச்சை நிறுத்திவிட வேண்டும். சத்துக் குறைவு, நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு, குடல் நோய், எல்லாமே எலும்பைப் பின்னுக்கு இழுக்கும். கேபிள் டிவியில் உயரம் கூட்டுகிற பவுடர் விற்கிறார்களே, அவர்கள் யாரும் கை எக்ஸ்ரே கேட்பதில்லை. ஒரு தட்டுக்கூடத் திறந்திருக்காத பத்தொன்பது வயதுப் பையனுக்கும் அதையேதான் விற்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை அது பகல் கொள்ளை.

மருந்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1958-ல் அமெரிக்க மருத்துவர் மாரிஸ் ரேபன், இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த ஹார்மோனை 17 வயதுப் பையன் ஒருவனுக்குப் போட்டு வளர வைத்ததை அறிவித்தார். அன்று அது கிடைப்பதற்கரிய பொருள். 1985-ல் அந்த மருந்து வழியாக மூளையை அழிக்கும் நோய் சிலருக்குப் பரவியது தெரிந்து அமெரிக்காவில் அதை நிறுத்தினார்கள். அதே ஆண்டு நுண்ணுயிரிகளைக் கொண்டு செய்த ஹார்மோன் அனுமதி பெற்றது. இன்று நீங்கள் வாங்குவது அந்த வகைதான். அந்தப் பழைய பயம் இனி வேண்டாம்.

தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்ததும், யாருக்குப் பலிக்கிறது என்ற கேள்வி எழுந்தது. ஜெர்மானிய மருத்துவர் ராங்க்கே தலைமையில் பல நாட்டுப் பிள்ளைகளின் தரவுகளைச் சேர்த்து 1999-ல் ஒரு கணிப்புச் சூத்திரம் வெளியானது. ஹார்மோன் எவ்வளவு குறைவு, என்ன வயதில் தொடங்குகிறோம், பெற்றோர் உயரத்துக்கும் பிள்ளை உயரத்துக்கும் எவ்வளவு இடைவெளி, பிறந்த எடை, இப்போதைய எடை, மருந்தின் அளவு. இந்த ஆறையும் வைத்து முதல் வருஷ வளர்ச்சியில் பிள்ளைக்குப் பிள்ளை காணும் வித்தியாசத்தில் 61 சதவீதத்தை விளக்க முடிந்தது. கவனியுங்கள், அந்த ஆறில் ஒரு படம்கூட இல்லை. விளங்காமல் நின்ற மிச்சத்தில் ஒரு பகுதி ஊசியைத் தவறவிடுவதால் வருவது. வளரிளம் பிள்ளைகள் சலித்துப்போய்த் தவறவிடுவார்கள், வீட்டில் சொல்லமாட்டார்கள். இன்னொரு பகுதி வளர்ச்சித் தட்டின் நிலைமை. எலும்பு வயதின் தாமதத்தையும் முதல் மூன்று மாத வளர்ச்சியையும் சேர்த்துக் கணக்கிட்ட பிற்காலச் சூத்திரங்கள் உண்மைக்கு இன்னும் நெருங்கி வந்தன.

இனி தலைக்கு வருவோம். மூளையின் அடியில், ஓர் எலும்புக் கிண்ணத்தில், வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி உட்கார்ந்திருக்கிறது. ஒரு மெல்லிய காம்பில் மூளையோடு தொங்குகிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் அதன் பின்பகுதி வெள்ளை வெளேரென்று ஒரு பொட்டாகத் தெரியும். சில பிள்ளைகளுக்கு அந்தப் பொட்டு கிண்ணத்துக்குள் இருக்காது. மேலே, மூளையின் அடித்தளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். காம்பு நூலாக இருக்கும் அல்லது காணவே காணாது. முன்பகுதி சப்பிப்போயிருக்கும். இந்த மூன்றும் சேர்ந்த படத்தைப் பார்த்தால் எனக்கு ஓரளவு தைரியமாக எழுத வரும்: இந்தப் பிள்ளைக்கு ஹார்மோன் குறைவு நிஜம், ஊசிக்கு நன்றாக வளரும், வளர்ந்து முடிந்த பிறகும் குறைவு நீடிக்க வாய்ப்பு அதிகம். வருஷத்துக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் வளர்ந்துகொண்டிருந்த பிள்ளை, முதல் வருஷத்தில் எட்டு, பத்து என்று எழும்புவதை இவர்களிடம்தான் அதிகம் பார்க்கிறோம்.

அதே படம் ஓர் எச்சரிக்கையும் தருகிறது. காம்பு அறுந்த பிள்ளைக்குத் தைராய்டு, கார்டிசோல் ஹார்மோன்களும் பின்னால் குறையலாம். கார்டிசோல் இல்லாத பிள்ளை சாதாரணக் காய்ச்சலில் மயங்கி விழும், உயிருக்கே ஆபத்து. ஆகவே ஊசி போட்டு வளர்கிறது என்பதற்காக டாக்டரைப் பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள். தாய்மார்களிடம் ஒன்று கேட்பது வழக்கம்: பிரசவத்தில் கால் முதலில் வந்ததா? பிறந்தவுடன் சர்க்கரை இறங்கி வலிப்பு வந்ததா? மஞ்சள் காமாலை நாள்கணக்கில் இழுத்ததா? இவற்றுக்கு ஆமாம் என்றால் காம்பை இன்னும் உன்னிப்பாகப் பார்ப்பேன். தலைவலி, பார்வைக் குறைவு உள்ள பிள்ளைக்கு அந்த இடத்தில் கட்டி இருக்கிறதா என்று பார்க்காமல் ஊசியைத் தொடங்கவே கூடாது.

எம்.ஆர்.ஐ. முழுக்க இயல்பாக இருந்து, ரத்தச் சோதனையில் மட்டும் கொஞ்சம் குறைவு என்று வந்த பிள்ளைகள் வேறு ரகம். வளர்ச்சி முடிந்தபின் மறுபடி சோதித்தால் இவர்களில் பெரும்பாலோருக்கு ஹார்மோன் சரியாகவே இருக்கும். வளரிளம் பருவத்தில் இது இன்னும் சிக்கல். பூப்பு தாமதமான பையனுக்குச் சோதனையில் ஹார்மோன் குறைவாகக் காட்டும். பூப்பு வந்ததும் தானே சரியாகும். அதனால்தான் சோதனைக்கு முன் சில நாள் பாலின ஹார்மோன் கொடுத்துத் தயார் செய்கிறார்கள். ரத்தமும் படமும் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசும்போது, காத்திருக்கச் சொல்லும் டாக்டரைத் திறமையில்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள்.

பூப்பைப் பற்றி ஒரு செய்தி. தட்டுகளை மூடுவது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன், ஆண்பிள்ளைகளிலும் அதுதான். 1994-ல் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆணைப் பற்றி எழுதினார்கள். வயது 28, உயரம் 204 சென்டிமீட்டர், எலும்பு வயது 15, இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். அவர் உடம்பு ஈஸ்ட்ரோஜனை உணரவே இல்லை. நம் பிள்ளைகளுக்கு அப்படி நடக்காது. பெண் வயசுக்கு வந்த பிறகு சராசரியாக ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் வளர்ச்சிதான் பாக்கி. மஞ்சள் நீராட்டு முடிந்து அழைத்து வந்து, "இப்ப ஊசி போட்டு உயரமாக்க முடியுமா சார்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கையின் படத்தைப் பார்க்க எனக்கு மனசு வலிக்கிறது. ஏழு வயதில் வந்திருந்தால் அதே மருந்துக்கு எட்டு வருஷ வேலை இருந்திருக்கும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். உலகம் முழுவதும் இந்தச் சிகிச்சைக்கு வருவதில் பையன்களே அதிகம். குட்டையான மகளை 'பொண்ணுதானே' என்று விட்டுவிடுகிறோம். டர்னர் குறைபாடு என்று ஒன்று இருக்கிறது. ஒரு எக்ஸ் குரோமோசோம் குறைவதால் வருவது. அந்தச் சிறுமியின் கைப்படத்தில் மோதிர விரலுக்கு நேர் உள்ளங்கை எலும்பு குட்டையாக இருக்கலாம். முஷ்டியை மடக்கச் சொன்னால் அந்த விரல் முட்டி மட்டும் உள்வாங்கியிருக்கும். எல்லாச் சிறுமிகளிடமும் இது இருக்காது, இருப்பவர்கள் எல்லோருக்கும் டர்னர் என்றும் இல்லை. ஆனாலும் குட்டையான ஒரு மகளுடைய கையில் இதைக் கண்டால் குரோமோசோம் சோதனைக்கு எழுதிக் கொடுப்பேன். ஹார்மோன் குறைவு இல்லாவிட்டாலும் இவர்களுக்கு இந்த ஊசி உதவுகிறது, சீக்கிரம் தொடங்கினால்.

வளர்ச்சியைக் கணிக்கப் புதிதாக வந்திருக்கும் வழி முழங்காலில் இருக்கிறது. வளர்ச்சித் தட்டுக்குள் குருத்து செல்கள் தூண் தூணாக நிற்கும். தூண்களுக்கு ஊடே தண்ணீர் மேலும் கீழுமாகத்தான் நகரும். அந்த நகர்வை எம்.ஆர்.ஐ.யில் அளந்து இழைகளாக வரைகிறார்கள். அமெரிக்கக் குழு ஒன்று 151 பிள்ளைகளின் முழங்காலை இப்படிப் படம் பிடித்து 2017-ல் வெளியிட்டது. வளர்ச்சி வேகமாக நடக்கும் வயதில் இழைகள் அதிகம். 2022-ல் கதிரியக்க மருத்துவர் டியேகோ ஹராமியோ குழு, அடுத்து எவ்வளவு உயரம் கூடும் என்பதை எலும்பு வயதைவிட இந்த இழைகள் நன்றாகக் கணிக்கின்றன என்று காட்டியது. கதிர்வீச்சு கிடையாது. கை எக்ஸ்ரே தட்டு திறந்திருக்கிறதா என்று சொல்கிறது. முழங்கால் எம்.ஆர்.ஐ. உள்ளே எவ்வளவு வேலை நடக்கிறது என்று சொல்கிறது. ஊசிக்கு முன் ஒன்று, சில மாதம் கழித்து ஒன்று எடுத்தால், பலன் வருமா என்பதை உயர நாடாவுக்கு முன்பே அறிய முடியுமா? இதுதான் ஆராய்ச்சியாளர்களின் அடுத்த கேள்வி. அதற்குப் பதில் வரும்வரை, இதற்காக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கணினி படம் படிப்பதையும் கேட்கிறீர்கள். டென்மார்க்கில் உருவான போன்எக்ஸ்பர்ட் மென்பொருள் பல வருஷமாகப் புழக்கத்தில் இருக்கிறது. 2017-ல் வட அமெரிக்கக் கதிரியக்கச் சங்கம் 12,611 கைப்படங்களைக் கொடுத்து ஒரு போட்டி வைத்தது. வென்ற நிரல் சராசரியாக நான்கு மாதச் சொச்சம் வித்தியாசத்தில் வயது சொன்னது. நாங்கள் இருவர் ஒரே படத்தைப் பார்த்தால் அதைவிட அதிகமாகக்கூட மாறுபடுவோம். சிறிய ஊர்களுக்கு இது வரப்பிரசாதம். பிசிரடித்த ரேடியஸையும் குட்டையான உள்ளங்கை எலும்பையும் பார்க்க மட்டும் ஓர் ஆள் வேண்டும்.

செலவுக்கு வருகிறேன். மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில், நிரூபணமான வளர்ச்சி ஹார்மோன் குறைவும் டர்னரும் இரண்டாம் பிரிவில் இடம்பெற்றிருக்கின்றன. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை நமக்குப் பக்கம். அங்கே போகும்போது 'நிரூபணம்' என்ற சொல்லை நினைவில் வையுங்கள்; ரத்தச் சோதனைத் தாள், கைப்படம், தலைப்படம் எல்லாம் கையில் இருக்க வேண்டும். எக்ஸ்ரே எடுத்த இடத்தில் படத்தையே கேட்டு வாங்குங்கள், அறிக்கை மட்டும் போதாது. தேதி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு படத்தைவிட, ஒரு வருஷ இடைவெளியில் எடுத்த இரண்டு படம் பல மடங்கு பேசும். பழைய படத்தை ஜன்னல் மறைப்பாக்கிவிடாதீர்கள்.

ஆசிரியர்களே, இதில் உங்கள் பங்கு டாக்டரின் பங்கைவிடப் பெரியது. நான்கு வயதிலிருந்து பூப்புவரை ஒரு பிள்ளை வருஷத்துக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வளர வேண்டும். நான்குக்குக் கீழே இறங்கினால் அது விசாரிக்க வேண்டிய பிள்ளை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு ஜூனிலும் அளவெடுங்கள். செருப்பைக் கழற்றி, குதிகால், பிட்டம், தோள் சுவரில் பட, பார்வை நேராக, தலைமேல் ஒரு தட்டையான அட்டையை வைத்து. பின்னலையும் பூவையும் ஒதுக்கிவிடுங்கள். எண்ணைச் சென்டிமீட்டரில், தேதியோடு, பிள்ளையின் பெயருக்கு நேரே எழுதுங்கள். அடுத்த ஜூனில் அதே பதிவேட்டை எடுத்துக் கழித்துப் பாருங்கள். நான்குக்குக் கீழே வந்த பிள்ளைகளின் பெற்றோரை அந்த வாரமே கூப்பிட்டுச் சொல்லுங்கள். பதிவேட்டின் நகலையும் கொடுத்து அனுப்புங்கள்.